வெட்டாமல் விட்ட ராணி

இனிமேல் சும்மா கிடைக்கிற எதையும் தொடுவதில்லை என்று ஈஸ்வரமூர்த்தி சபதம் செய்தபோது, அவர் வாயில் ஆல்பர்ட் வீட்டு வடை இருந்தது. வடையை விழுங்கிவிட்டு இன்னொரு முறை தெளிவாகச் சபதம் செய்தார்.

சபதத்துக்குக் காரணம் எதிரே செஸ் பலகையில் கிடந்தது. டம்ளரில் ஊற்றிய டீ ஆறுவதற்குள் அவருடைய ராஜா காலமாகியிருந்தார். ஆல்பர்ட் செய்ததெல்லாம் ஒன்றுதான். தன் ராணிக்குக் காவலாக நின்ற குதிரையைத் தூக்கி வேறெங்கேயோ வைத்துவிட்டு, ஒன்றும் அறியாதவர் போல ஜன்னல் வழியாக மூடுபனியைப் பார்த்தார். ஈஸ்வரமூர்த்தியின் கை அவரைக் கேட்காமலே போய் ராணியை வெட்டியது. அப்புறம் ஒரு மந்திரி வந்து செக் வைத்தார். பின்னாலேயே இன்னொரு குதிரை வந்தது. ராஜாவுக்கு மூச்சுவிட இடமில்லை.

"சார், நான் ராணியைக் காட்டினா ஏன் சார் உடனே எடுத்துடறீங்க?" என்றார் ஆல்பர்ட்.

"சும்மா கெடந்துதுங்களே."

"சும்மா கெடந்தா?"

"எடுக்காம வந்தா ராத்திரி தூக்கம் வராதுங்க."

இதுதான் அவருடைய வியாதி. கல்யாண வீட்டில் தாம்பூலப் பையை இரண்டு கையிலும் வாங்குகிறவர். ஒருமுறை பிளாஸ்டிக் மக்கு இலவசம் என்று சோப்புத்தூள் வாங்க ஆரம்பித்தார். வீட்டில் இப்போது குளிக்கிற ஆட்களைவிட மக்குகள் அதிகம். இப்படிப்பட்டவரை செஸ்ஸில் சாய்க்க ஆல்பர்ட்டுக்குப் பெரிய மூளை தேவைப்படவில்லை. ஆரம்பத்திலேயே ஏதாவது ஒரு காயைத் தின்னக் கொடுத்தால் போதும்.

இவ்வளவு நாளும் அது பொழுதுபோக்குத் தோல்வி. அலுவலகத்தில் நாலு பேர் சிரிப்பார்கள், அவரும் சேர்ந்து சிரிப்பார். இப்போது அப்படி இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நடக்கப்போகிற ஆட்டத்தில் அவருடைய வாழ்க்கையே பலகையில் ஏறப்போகிறது.

விஷயம் இதுதான். நாமக்கல்லில் ஓர் இடம் காலியாகியிருந்தது. கொல்லிமலை மேல் ஒரே அலுவலகத்தில் ஒரே பதவியில் இருந்த ஈஸ்வரமூர்த்திக்கும் ஆல்பர்ட்டுக்கும் அந்த இடத்தின் மேல் கண். சிபாரிசு செய்ய வேண்டியவர் கீழே இருந்த சூப்பிரண்டு தனபால். அவர் யார் மனதையும் நோகடிக்க மாட்டார். அதனால் எந்த முடிவையும் அடுத்தவர் தலையில் கட்டிவிடுவார். "ரெண்டு பேருமே நமக்கு வேண்டியவங்க. நீங்களே பேசி ஒரு பேரைச் சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நான் கூப்பிடறேன்" என்று போனை வைத்துவிட்டார்.

பேசிப் பார்த்தார்கள். ஆல்பர்ட்டின் மனைவி ஜாஸ்மின் நாமக்கல்லில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். திங்கள் விடியக்காலை பஸ்ஸில் இறங்கினால் சனிக்கிழமைதான் மலை ஏறுவாள். ஆல்பர்ட் வாரம் முழுக்கத் தானே சமைத்து, தானே சாப்பிட்டு, தானே வருத்தப்படுவார். ஈஸ்வரமூர்த்திக்கு வேறு கஷ்டம். பிறந்து வளர்ந்த ஊர் நாமக்கல். வெயிலில் காய்ந்த உடம்பு. இங்கே மாசி மாதத்திலும் காதை மறைத்து மப்ளர் கட்ட வேண்டியிருக்கிறது. ஊருக்குப் போகலாம் என்றால் எழுபது வளைவு. மூன்றாவது வளைவிலேயே அவருடைய காலைப் பலகாரம் ஜன்னல் வழியாக இறங்கிவிடும். யார் கஷ்டம் பெரியது என்று தீரவில்லை. அப்போதுதான் ஆல்பர்ட், "செஸ்ஸே ஆடிப் பார்த்துடுவோமா சார்?" என்றார். ஈஸ்வரமூர்த்தியும் சரி என்றார்.

தோற்றுக்கொண்டே இருக்கிறவர் ஏன் சரி என்றார் என்று கேட்கலாம். அவருக்கு ஒரு கணக்கு இருந்தது. ஆல்பர்ட்டுக்குத் தெரிந்ததெல்லாம் ஆரம்பப் பொறிகள்தான். அதைத் தாண்டிவிட்டால் மனுஷனுக்கு ஆடத் தெரியாது. பொறியில் கை வைக்காமல் இருந்தால் நாமக்கல் நம்முடையது.

வடை வாசனையோடு வீட்டுக்கு வந்தார். தேவனூர்ப் பக்கம் பாவாயி என்ற விவசாயி வீட்டைத்தான் வாடகைக்கு எடுத்திருந்தார்கள். கொல்லைப்புறத்தில் பலா மரத்தடியில் மனைவி சுகுணா நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் நட்டு ஏற்றிவிட்ட மிளகுக்கொடி மரத்தை ஒட்டி உச்சிவரை போயிருந்தது. மரம் எனக்கு, கொடி உனக்கு என்று பாவாயி விட்டுக்கொடுத்த கொடி. இந்த வருஷம்தான் முதல் காய்ப்பு.

"சுகுணா, மூட்டை கட்டு. நாமக்கல் போறோம்."

"ஏனுங்க, ஆருக்கு என்னாச்சுங்க?"

"ஒண்ணும் ஆகலை. மாத்தல். ஞாயித்துக்கிழமை ஆல்பர்ட்டைச் செஸ்ஸுல ஒரு தட்டுத் தட்டிட்டா, நம்ம ஊட்டுக்கே போயிரலாம்."

நம்ம வீடு என்று அவர் சொன்னது அப்பா கட்டிய வீட்டை. அதில் அண்ணன் குடும்பமும் இருக்கிறது. சமையல்கட்டு அண்ணியின் ராஜ்யம். கல்யாணமாகி அந்த வீட்டில் இருந்த வரைக்கும் சுகுணா வெங்காயம் உரித்திருக்கிறாளே தவிர, ஒரு நாளும் குழம்பு கூட்டியதில்லை. அவளாக உப்புப் போட்டு, அவளாக ருசி பார்த்து, அவளாகப் பரிமாறியது இந்த மலைக்கு வந்த பிறகுதான். இதெல்லாம் ஈஸ்வரமூர்த்திக்குத் தெரியும். தெரிந்ததைப் பற்றி அவர் யோசிப்பதில்லை.

சுகுணா சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்து அவர் பதில்களைத் தயாராக வைத்திருந்தார். அவளோ முறத்தை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"செயிச்சுருவீங்களா?"

"செயிக்காம?"

"இதுவரைக்கும் ஒருக்காக்கூட செயிச்சதில்லீங்களே. அதுக்குக் கேட்டேன்."

"அது பொறிடி. உனக்குப் புரியாது. எதிராளி ராணியைச் சும்மா குடுக்கிற மாதிரி குடுப்பான். நாம வெட்டுனா அவ்வளவுதான், நம்ம ராஜா காலி."

"அப்ப வெட்டாம உட்டா?"

"வெட்டாம உட்டா அவன் காலி."

"அவ்வளவுதானுங்களா செஸ்ஸு?"

"அவ்வளவுதான். சும்மா குடுக்கறதை வாங்கக்கூடாது. வாங்குனா அதுக்குப் பின்னால ஒண்ணு இருக்கும்."

சுகுணா முறத்தில் இருந்த மிளகைக் கையால் அளைந்தாள். "நல்ல பாடமுங்க. உங்களுக்குத்தான் இது மனசுல நிக்கோணும்" என்றாள். அந்தக் குரலில் இருந்த அக்கறை ஈஸ்வரமூர்த்தியைத் தொட்டது. மனைவி தன் பக்கம் இருக்கிறாள் என்று அவர் நம்பினார்.

மறுநாள் காலையிலேயே படிப்பு ஆரம்பமாயிற்று. வீட்டில் சிக்னல் கிடையாது. தண்ணீர்த் தொட்டி ஓரம் போய் நின்றால் கொஞ்சம் வரும். மப்ளரும் செல்போனுமாக அங்கே நின்று, எந்தக் காயைக் கொடுத்து எந்த ராஜாவைப் பிடிக்கிறார்கள் என்று வீடியோ பார்த்தார். தலை சுற்றிப்போய் வீட்டுக்கு வந்தால் வாசலிலேயே சுகுணா காபியோடு நின்றாள். கேட்காமல் வந்த காபி. நுரை வேறு இருந்தது.

வாங்கிக் குடித்தார். டம்ளரைத் திருப்பிக் கொடுக்கும்போது அவள் சொன்னாள்: "ஏனுங்க, சிலிண்டர் வண்டி ரோட்டுலயே எறக்கிட்டுப் போயிருச்சுங்க. நீங்க கொஞ்சம் தூக்கியாந்துட்டீங்கன்னா..."

ரோட்டிலிருந்து வீட்டுக்கு ஏற்றம். தூக்கிக்கொண்டு வந்து வைத்துவிட்டு அன்றைக்கு அவர் அலுவலகத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்தே உட்கார்ந்திருந்தார்.

அடுத்த நாள் பலகாரத்துக்கு முன்னால் பாராட்டு வந்தது. "உங்க கண்ணு இந்த வயசுலயும் எத்தனை தெளிவா இருக்குதுங்க" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அவருடைய எந்த உறுப்பையும் பாராட்டியதில்லை. ஈஸ்வரமூர்த்தி கூச்சத்தோடு கண்ணாடியில் பார்த்துக்கொண்டார். "அப்ப அந்த உச்சியில இருக்கற மிளகு உங்களுக்குத் தெரியுமில்லீங்க" என்றாள். ஒற்றை மூங்கிலில் கணுவை விட்டுச் செதுக்கிய ஏணி மரத்தில் ஏற்கனவே சாத்தியிருந்தது. அவர் மேலே தொங்கிக்கொண்டு மிளகு பறித்தபோது, கீழே பாவாயி வந்து, "சாருக்கு நல்லா வருதே, எங்க மரத்துக்கும் அனுப்பு கண்ணு" என்று சுகுணாவிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

ஆனால் எல்லாவற்றையும்விட அவரை உடைத்தது நாட்டுக்கோழிக் குழம்புதான். விசேஷம் ஒன்றும் இல்லாத சாதாரண நாள். காலையிலேயே மிளகு இடித்துப் போட்டு வாசல்வரை மணக்க மணக்கக் குழம்பு. அவருக்கு லேசாகச் சந்தேகம் வந்தது.

"எதுக்கு இது?"

"எதுக்குமில்லீங்க. நீங்க சாப்புடோணும்னு ஆசையா இருந்துது."

"பின்னால ஒண்ணும் இல்லையே?"

"குழம்புக்குப் பின்னால ரசமிருக்குதுங்க."

சாப்பிட்டார். கறி, ஈரல், எலும்பில் இருந்த சாறு எதையும் விடவில்லை. கை கழுவும்போது, "காளப்பநாயக்கன்பட்டியில எங்கம்மா கிரைண்டர் கல்லைக் கொத்தி வெச்சிருக்காங்களாம். பகல் பஸ்சுக்குப் போனா பொழுதோட வந்துரலாமுங்க" என்றாள். லீவு போட்டுவிட்டு ஈஸ்வரமூர்த்தி இறங்கினார். கோழியும் இறங்கியது, வேறு வழியாக. மடியில் கிரைண்டர் கல்லோடு அவர் திரும்பி ஏறியதை அவர் ஆயுசுக்கும் மறக்க மாட்டார்.

அன்று பஸ்ஸில்தான் அவருக்கு ஞானம் வந்தது. வீடும் ஒரு பலகை. அங்கேயும் சும்மா வருவதெல்லாம் பொறி. இத்தனை வருஷமாக இது தெரியாமல் காபி குடித்துக்கொண்டிருந்திருக்கிறோம் என்று தன்மேலேயே பரிதாபப்பட்டார்.

அதற்கப்புறம் அவர் மாறிவிட்டார். சுகுணா புதுச் சட்டை எடுத்து வைத்தாள். வேண்டாம் என்றார். வெந்நீர் போட்டு வைத்தாள். பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு நடுங்கினார். கால் பிடித்து விடட்டுமா என்று கேட்டபோது எழுந்து வெளியே ஓடிவிட்டார். வேலை எதுவும் வரவில்லை. பொறியில் சிக்கவில்லை என்று அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

"நீங்க இப்ப ரொம்ப உஷாராயிட்டீங்க" என்றாள் சுகுணா.

"இந்தப் பாராட்டும் எனக்கு வேண்டாம்" என்றார் ஈஸ்வரமூர்த்தி.

சந்தேகம் ஒரு தடவை நல்ல பலன் கொடுத்துவிட்டால் அப்புறம் ஓரிடத்தில் நிற்காது. அலுவலகத்தில் யாரோ தோட்டத்து வாழைப்பழம் கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுத்தார்கள். இவர் மட்டும் தொடவில்லை. "குரல் சோர்ந்திருக்கே, மத்தியானம் ஊட்டுக்குப் போய்ப் படுங்க" என்று போனில் தனபால் கனிவாகச் சொன்னார். அது உண்மையிலேயே கனிவுதான். ஈஸ்வரமூர்த்தி பயந்துபோய் எல்லோரும் கிளம்பிய பிறகும் உட்கார்ந்து வேலை பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஆல்பர்ட்டும் ஜாஸ்மினும் சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து வீட்டைக் கூட்டி வைத்திருந்தார்கள். நடுக் கூடத்தில் பலகை. ஜன்னல் கட்டையில் ஆல்பர்ட்டின் போன். அந்த வீட்டில் சிக்னல் அந்தக் கட்டைக்கு மட்டும்தான் உண்டு. அங்கிருந்து எடுத்தால் போய்விடும். அதனால் யார் கூப்பிட்டாலும் அங்கேயே வைத்து ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார்கள். சுகுணா, ஜாஸ்மினுக்குத் துணையாக அவரைக்காய் உரிக்க உட்கார்ந்தாள். இரண்டு பேரும் குனிந்த தலை நிமிரவில்லை.

ஆல்பர்ட் வெள்ளைக் காய். ராஜாவின் முன்னால் நின்ற சிப்பாயை நகர்த்தினார். இவரும் அப்படியே நகர்த்தினார். ஆல்பர்ட் மந்திரியை வெளியே கொண்டுவந்தார். இவர் குதிரையை எடுத்து வைத்தார். அடுத்ததாக ஆல்பர்ட், ராணியைத் தூக்கிக்கொண்டு நேரே வந்து அந்தக் குதிரையின் வாய்க்கு நேராக வைத்தார். வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். இந்தத் தடவை மூடுபனியைக்கூடப் பார்க்கவில்லை.

ஈஸ்வரமூர்த்தியின் கை கிளம்பியது. பாதி வழியில் நின்றது.

ராணி. காவலுக்கு ஆள் இல்லை. வெட்டினால் கேட்பாரில்லை. அவர் வாழ்க்கையில் இவ்வளவு சும்மா எதுவும் கிடைத்ததில்லை.

"ஆல்பர்ட், இதை இங்கயா வெக்கறீங்க?"

"ஆமா சார்."

"நல்லா யோசிச்சுத்தானா?"

"யோசிச்சுத்தான் சார். எடுத்துக்குங்க."

எடுத்துக்குங்க என்ற வார்த்தையைக் கேட்டதும் அவர் கையை இழுத்துக்கொண்டார். காபியும் இப்படித்தான் வந்தது. கோழிக் குழம்பும் இப்படித்தான் வந்தது. பார்த்த வீடியோக்கள் எல்லாவற்றையும் மனதில் ஓட்டினார். குதிரை அந்த ராணியை வெட்டினால், குதிரை இடம் மாறும். இடம் மாறினால் அங்கே ஓர் ஓட்டை விழும். ஓட்டை விழுந்தால் அதில் யாரோ வருவார்கள். யார் என்று தெரியவில்லை. தெரியாததுதான் அவரைக் கலங்கடித்தது. தெரியாத அளவுக்கு ஆழமான பொறி என்று முடிவு செய்தார். ஜாஸ்மின் டீ கொண்டுவந்து வைத்தாள். அதையும் தொடவில்லை.

"வெட்ட மாட்டேன்" என்றார் கடைசியில், சிரித்துக்கொண்டே. "எத்தனை நாளைக்குங்க ஏமாத்துவீங்க?" சொல்லிவிட்டு, ஓரத்தில் நின்ற சிப்பாயை ஒரே ஒரு கட்டம் நகர்த்தினார். அதனால் நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை என்பது அவர் எண்ணம்.

ஆல்பர்ட் ராணியை எடுத்து, ராஜாவின் பக்கத்தில் நின்ற சிப்பாயை வெட்டி அங்கே உட்கார வைத்தார். பின்னால் மந்திரி காவல். செக்மேட். புதிதாக ஆடக் கற்றுக்கொள்கிற பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லித்தருகிற மேட் அது.

கூடத்தில் அவரைக்காய் உரிக்கிற சத்தம் நின்றது.

"அந்த ராணிக்குப் பின்னால என்ன பொறி வெச்சிருந்தீங்க?" என்று கேட்டார் ஈஸ்வரமூர்த்தி.

ஆல்பர்ட் சங்கடப்பட்டார். "ஒண்ணுமில்ல சார். நீங்க வெட்டியிருந்தா நான் முடிஞ்சிருப்பேன். எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு."

"பின்னே எந்தத் தைரியத்துல வெச்சீங்க?"

ஆல்பர்ட் மனைவியைப் பார்த்தார். ஜாஸ்மினோ அழுகையும் சிரிப்புமாகச் சுகுணாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தாள். "அக்கா, நீங்க நேத்து சொன்ன மாதிரியே நடந்துச்சுக்கா. பொறியெல்லாம் வேண்டாம், ராணியைக் கொண்டுபோய் அவர் வாய்க்கு நேரா வெக்கச் சொல்லு, சத்தியமா தொட மாட்டார்னு சொன்னீங்களேக்கா."

ஈஸ்வரமூர்த்தி மெதுவாகத் திரும்பினார். சுகுணாவுக்குக் குதிரைக்கும் யானைக்கும் வித்தியாசம் தெரியாது. ராஜாவையும் ராணியையும் தவிர மற்றதெல்லாம் அவளுக்குப் பொம்மை. ஒரு வாரம் முழுக்கக் காபியும் குழம்பும் வெந்நீருமாக நகர்த்தி, அவரை ராணி கொடுத்தாலும் வேண்டாம் என்று ஓடுகிற மனுஷனாக ஆக்கியிருக்கிறாள்.

"ஏன் சுகுணா?" என்றார்.

அவள் எழுந்து பக்கத்தில் வந்தாள். ஒளிக்கவில்லை. "அந்த ஊட்டுல மறுபடியும் வெங்காயம் உரிச்சுக்கிட்டு நிக்க என்னால முடியாதுங்க. இங்க ஒரு அடுப்பு எனக்குன்னு இருக்குது. இந்தப் புள்ளையும் வாரம் முச்சூடும் புருசன் மொகம் பாக்காம கெடக்குது. நான் நேராச் சொல்லியிருந்தா கேட்டிருப்பீங்களா?"

கேட்டிருக்க மாட்டார். அது அவருக்கே தெரிந்திருந்தது. கோபப்பட வேண்டும் என்று நினைத்தார். ஆனால் அவள் கண் கலங்கியிருந்ததைப் பார்த்ததும் கோபம் வரவில்லை, வெட்கம்தான் வந்தது. இத்தனை வருஷம் பக்கத்தில் இருந்தவள் மனதில் இருந்ததை, ஒரு தடவைகூடக் கேட்காமல் இருந்துவிட்டோமே என்று இருந்தது.

அந்த நேரம் பார்த்து ஜன்னல் கட்டையில் போன் அடித்தது. தனபால். ஆல்பர்ட் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். ஈஸ்வரமூர்த்திக்கு வெட்கம் போய்ப் பயம் வந்தது. நாலே நகர்த்தலில் தோற்ற கதை இன்னும் சற்று நேரத்தில் நாமக்கல் அலுவலகம் முழுக்கப் பரவும். கீழே இருக்கிறவர்கள் டீ குடிக்கும்போதெல்லாம் சிரிப்பார்கள். தலையைத் தூக்க முடியாமல் பலகையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சுகுணா அவர் தோளில் கை வைத்தாள்.

"எதுக்குங்க மொகத்தைத் தொங்கப் போடறீங்க? நீங்க தோத்தீங்கன்னு ஆரு சொன்னாங்க? எனக்காகவும் ஜாஸ்மினுக்காகவும் நீங்களா விட்டுக்குடுத்தீங்க. எனக்குத் தெரியாதுங்களா?"

ஈஸ்வரமூர்த்தி நிமிர்ந்தார். மானம் போகாமல் தப்பிக்க ஒரு வழி. கேட்காமலே வந்தது. பளபளவென்று கண் முன்னால் இருந்தது.

"ஆமா," என்றார். சொல்லச் சொல்ல அவருக்கே அது உண்மை மாதிரி ருசித்தது. கொஞ்சம் கூடவே எடுத்துக்கொண்டார். "நான் நெனச்சா அந்த ராணியை வெட்டத் தெரியாதா? என்ற பொண்டாட்டிக்கு மலைதான் ஒத்துக்குது. எனக்கும் இந்தக் குளுருதான் புடிச்சிருக்குது. நாமக்கல்லு வெயில்ல எவன் போய்க் காயறது? என்னை வெரட்டுனாலும் இங்கிருந்து எறங்க மாட்டேன்."

ஆல்பர்ட் ஜன்னல் ஓரத்தில், பச்சைப் பொத்தானை எப்போதோ அழுத்திவிட்டு, இன்னும் வாயைத் திறக்காமல் நின்றுகொண்டிருந்தார்.

"ரொம்ப சந்தோசங்க ஈஸ்வரமூர்த்தி," என்றது ஸ்பீக்கரில் தனபாலின் குரல். "அங்க இருக்கேன்னு வாய் விட்டுச் சொன்ன மொத ஆள் நீங்கதான். இனி நீங்க ரிட்டயர் ஆகற வரைக்கும் உங்களை யாரும் அங்கிருந்து அசைக்காம நான் பாத்துக்கறேன்."